செல்வத்தின் போத்தல்

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நான் பதுளையில் ஏசி பழுதுபார்க்கிறேன். எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே வளர்ந்த செல்வத்துக்கும் அதே வேலைதான். அவன் கழுவினால் ஏசிக்குள் இருக்கும் காயில் என்ற குழாய்ச்சுருள் புதுசு மாதிரி மின்னுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. என் பழைய வாடிக்கைக்காரர்களும் அவனையே கூப்பிடத் தொடங்கியபோது எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் அவன் பையிலிருந்த, ஏசி கழுவும் மருந்துப் போத்தலைப் பார்த்து வைத்துக்கொண்டேன். அவனிடம் போய்க் கேட்பதா என்ற வீம்பில், விசாரிக்காமலே பண்டாரவளையில் அதையே வாங்கினேன்.

மொனராகலையில் ஒரு டீச்சர் வீட்டில், அறைக்குள் இருந்த ஏசியில் அதை அடித்தேன். நுரை பொங்கியது. காயில் வெள்ளியாக மின்னியது. "இனிமே யாரைக் கூப்பிடுவாங்கன்னு பார்ப்போம்" என்று நினைத்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. டீச்சர் இருமிக்கொண்டே கைக்குழந்தையோடு வெளியே ஓடினார். நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. காயிலின் அலுமினியத் தகடுகள் அரித்துப்போயின. புதுக் காயில் நான்தான் போட்டுக்கொடுத்தேன்.

வேறு வழியில்லாமல் செல்வத்துக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, அது ஆசிட். வீட்டுக்கு வெளிய இருக்கிற ஏசிப் பெட்டிக்குத்தான், அதுவும் தண்ணி கலந்து அடிச்சு உடனே கழுவிடுவேன். வீட்டுக்குள்ள ஆசிட் இல்லாததுதான் அடிக்கணும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

இப்போதெல்லாம் போத்தலில் எழுதியிருப்பதை முழுதாக வாசிக்கிறேன். புரியாவிட்டால் செல்வத்திடம் கேட்கிறேன். கேட்கும்போது இன்னமும் வாய் கசக்கத்தான் செய்கிறது. ஆனாலும் கேட்ட பிறகுதான் மூடியைத் திறக்கிறேன்.