ரெட் ஆக்சைடு அடிக்கக் கூடாத கூண்டு

கவிதா, செல்வம், பட்டறை அலமாரியில் இருக்கும் வெள்ளை படிந்த கம்பியைப் பழைய இரும்போடு போட்டுவிடாதீர்கள். அது வந்த கதையை எழுதி வைக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் இருக்கும் நம் வெல்டிங் பட்டறைக்கு ஒரு பெண் வந்தாள். கிருஷ்ணன்கோவில் காலேஜில் ஆராய்ச்சி செய்கிறவள். கம்பிக் கூண்டு வேண்டும், கடலுக்குள் இறக்கிக் கரண்ட் கொடுக்கப் போகிறோம், பெயிண்ட் மட்டும் கூடாது என்றாள்.

கண்மாயில் கரண்ட் வைத்து மீன் பிடிக்கப் போய் ஆள் செத்ததைப் பார்த்தவன் நான். பக்கத்து மோட்டார் ரீவைண்டிங் கடை இபுராஹிம் பாய் காதைக் கடித்தார்.

"மாப்ளே, இது மீன் புடிக்கிற கூட்டம். எவனாச்சும் செத்தாம்னா போலீஸ் ஒன்னயத்தான் தேடி வரும்."

கூண்டைக் கட்டிவிட்டேன், கொடுக்க மனசில்லை. மற்ற சாமான்களோடு சேர்த்துக் கைப்பழக்கத்தில் அதற்கும் துருப்பிடிக்காத ரெட் ஆக்சைடு பெயிண்டை அடித்துவிட்டேன். வந்து பார்த்தவள் தலையில் கை வைத்தாள்.

"எல்லாம் போச்சே அண்ணாச்சி! பெயிண்ட் மேல ஒண்ணும் படியாது."

"அடிக்காட்டி துரு தின்னுரும்மா. நெசத்தச் சொல்லு, எதக் கொல்லப் போறிய?"

"கொல்லல. சாவுற பவளப்பாறைய வளக்கப் போறோம்."

"வீட்டுக்குக் கரண்ட் சரி. பாறைக்கு எதுக்கு?" என்றார் பாய்.

கேனில் கொண்டுவந்த கடல் தண்ணீரை வாளியில் ஊற்றினாள். பெயிண்ட் அடித்த கம்பி ஒன்று, அடிக்காதது ஒன்று, இரண்டையும் தான் கொண்டுவந்த சின்னப் பவர் சப்ளையின் மைனஸில் கட்டினாள். பிளஸ்ஸில் டைட்டானிய வலை. மீட்டரில் ஐந்து வோல்ட்கூட இல்லை. கையை உள்ளே விட்டாள்.

"நீங்களும் விடுங்க."

நான் விடவில்லை. பாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மறுநாள் அவள் வந்தபோது அடிக்காத கம்பியில் துரு இல்லை. சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை. அடித்த கம்பி சிவப்பாகவே கிடந்தது, வெட்டிய முனையில் மட்டும் வெள்ளை. கடலில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கரண்ட் இழுத்து இரும்பில் படியவைக்கும், அதன்மேல் உடைந்த பவளத்தைக் கட்டினால் பிடித்து வளரும் என்றாள்.

"எல்லா எடத்துலயும் வளருமா?"

"தெரியாது அண்ணாச்சி. அதப் பாக்கத்தான் போறோம்."

அந்தத் 'தெரியாது'தான் என்னை நம்பவைத்தது. பிள்ளைகளே, சந்தேகப்படுங்கள், ஆனால் சோதித்துப் பார்க்கும் வரைக்கும்தான். வீட்டுக் கரண்டிடம் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம்.

கூண்டின் பெயிண்டைச் சுரண்டித் தருகிறேன் என்று அவளை அனுப்பினேன். பாயும் சாப்பிடப் போனார். வாளியில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரை இன்னொரு தடவை பார்த்தேன். சட்டைக் கையை மடித்து, உள்ளே கையை விட்டேன்.

பிறகு ஈரம் போகத் துடைத்துவிட்டு, கிரைண்டரை எடுத்தேன்.