நான்காம் எண் பதில்

1. பயிற்சி வகுப்பு

“விருப்பம்னு போட்டிருக்காங்க, சரி. அதுக்காக யாரும் காலியா விட்டுட்டு வந்துடாதீங்க. காலிக் கட்டம் எனக்கு ஆவாது.”

எங்கள் ஏ.டி. சார், அதாவது உதவி இயக்குநர், பயிற்சி வகுப்பை இப்படித்தான் ஆரம்பித்தார். கையில் டீ கிளாஸ். மேசை மேல் புதிதாக அச்சாகி வந்த ஷெட்யூல்களின் கட்டு. ஷெட்யூல் என்றால் வீட்டுக்கு ஒன்றாக நாங்கள் நிரப்பிக்கொண்டு வரும் கேள்வித்தாள். வேலூரில் நான் வேலை பார்த்த அந்த அரசு அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். மக்களை எண்ணுவது, விலைவாசி எழுதுவது, வயலில் விளைச்சலை நிறுத்துப் பார்ப்பது, இவைதான் எங்கள் பிழைப்பு. நான் அங்கே ஆய்வாளர். அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்தேன்.

அந்த முறை தோல் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றிய கணக்கெடுப்பு. இரண்டாயிரத்தைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. திருநங்கை என்ற சொல் அப்போதுதான் அரசுக் காகிதங்களில் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. பழைய ஷெட்யூல்களில் பாலினக் கட்டத்தில் ஆண் என்றால் ஒன்று, பெண் என்றால் இரண்டு, அதோடு முடிந்தது உலகம். இதில் மூன்றுக்கு ‘மற்றவர்’ என்றும், நான்குக்கு ‘சொல்ல விருப்பமில்லை’ என்றும் இருந்தது. பக்கத்திலேயே சின்ன எழுத்தில் ‘விருப்பம் இருந்தால் மட்டும்’ என்று அச்சடித்திருந்தார்கள். யார் மேல் நாட்டம் என்ற கேள்வி அதில் இல்லை. இல்லாமல் போனதே நல்லது. அன்றைய சட்டத்தில் அதற்கு உண்மையாகப் பதில் சொல்கிறவரை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போக வழி இருந்தது.

நான் எழுந்து கேட்டேன். “சார், நாலாம் நம்பர் போட்டா அது காலிக் கட்டம் இல்லையே?”

“எஸ்தர்மா, நாலு போடறதும் காலியா விடறதும் ஒண்ணுதான். மேல இருந்து கேப்பாங்க. நாம வேலை செய்யலன்னு அர்த்தம் ஆவும். குடும்பத் தலைவர் கிட்ட கேளுங்க, எல்லாருக்கும் அவரே சொல்லிடுவாரு. இல்லன்னா பாத்தாலே தெரியாதா?”

பார்த்தாலே தெரியாதாவாம்! பார்த்து எழுதிக்கொள்வதென்றால் கேள்வி எதற்கு, நாங்கள் எதற்கு, அந்தச் சின்ன எழுத்துதான் எதற்கு? குடும்பத் தலைவர் எல்லோருக்குமாகப் பதில் சொல்வது எங்கள் தொழிலில் காலங்காலமாக நடப்பது. வீட்டில் எத்தனை ஆடு, எத்தனை அறை, யார் எத்தனாவது படித்தார்கள் என்பதற்கெல்லாம் அது போதும். ஒருவர் தன்னை யாரென்று நினைக்கிறார் என்பதை அண்ணனும் மாமனும் எப்படிச் சொல்வார்கள்? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

2. மாணிக்கத்தின் வீடு

எனக்குக் கிடைத்த தெரு ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றை ஒட்டிய ஓர் ஊரில் இருந்தது. மாணிக்கம் டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், தோலைச் சுழற்றி ஊறவைக்கும் டிரம் ஓட்டுகிறவர். சுண்ணாம்பு தின்ற கைகள். மரியாதையாக நாற்காலி போட்டார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“நானு, சம்சாரம், பொண்ணு. மூணு பேரு மேடம்.”

உள் அறையில் சேலை கட்டிய ஒருவர், முதுகைக் காட்டிக்கொண்டு, ஷூவின் மேல்பாகமான அப்பர்களைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு ஊசி, ஒரே நூல். பக்கத்தில் குவியல் குவியலாகக் கறுப்பு அப்பர்கள். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் நடக்கிற தையல்தான். ஏஜென்ட் காலையில் மூட்டையை இறக்கிவிட்டு மாலையில் வந்து எடுத்துப்போவார்.

“உள்ள தைக்கிறவங்க யாரு?” என்றேன்.

“அது கணக்குல இல்ல மேடம். விடுங்க.”

“இங்க தங்கி இங்க சாப்பிடற எல்லாரும் கணக்குலதாங்க.”

அவர் முகம் மாறியது. “என் தம்பி. ரேஷன் கார்டுல சரவணன்னு இருக்கும். ஆண்னு எழுதிட்டுப் போங்க. சும்மா பேஜார் பண்ணாதீங்க.”

“தம்பி” என்று அவர் சொன்னபோது உள்ளே ஊசி நின்றது. பிறகு மறுபடி ஓடியது. கண் எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளை வைத்துக்கொண்டே ஒருவர் கணக்கில் இல்லை என்கிறார், அடுத்த நிமிடம் ஆண் என்று எழுதச் சொல்கிறார். இதைத்தான் எங்கள் சார் ‘அவரே சொல்லிடுவாரு’ என்றார்!

“அண்ணா, அவங்க பதில அவங்கதான் சொல்லணும். நீங்க கொஞ்சம் வெளியே இருங்க.”

“என் வூட்ல என்னையே வெளிய போவச் சொல்றியா நீ?”

“அஞ்சு நிமிஷம்தாண்ணா. ரூல் அப்படி.” அப்படி ஒரு ரூல் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இருந்திருக்க வேண்டும். மனைவிதான் அவர் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனார்.

நான் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் பார்த்து முதலில் கேட்டது இதைத்தான்: “இத யாரு படிப்பாங்க மேடம்?”

“ஆபீஸ்ல நாங்க மட்டும். கணக்குல சேந்துடும். உங்க பேரு வெளிய போவாது.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“அப்ப சரளான்னு எழுதுங்க. தொழில் அப்பர் தையல்னு போடுங்க. எண்ணாம மட்டும் போயிடாதீங்க. இவ்ளோ நாளா அண்ணி பேர்லதான் தைக்கிறேன். இதுல பேர் இருந்தா நல வாரிய கார்டு தருவாங்களாமே? என் பேர்ல ஒரு கார்டு வந்தா நானே ஏஜென்ட் கிட்ட வேலை வாங்கிப்பேன்.”

அந்தக் கேள்வியையும், நான்கு பதில்களையும் படித்துக் காட்டினேன். சரளா ஊசியைத் தலையணையில் குத்தி வைத்துவிட்டு யோசித்தார்.

“நாலு போடுங்க மேடம். எனக்கு வெக்கமெல்லாம் இல்ல. அண்ணன் பொண்ணுக்குப் பேசி முடிக்கப் போறாங்க. மாப்ள வூட்ல என்ன அண்ணியோட தங்கச்சின்னு சொல்லி வெச்சிருக்காங்க. தெருவுல நாலு பேருக்குத் தெரியும், ஆனா யாரும் வாய் விட மாட்டாங்க. பாப்பா கல்யாணம் முடியட்டும். அதுக்கப்புறம் யார் வந்து கேட்டாலும் நானே சொல்றேன். இப்ப வேணாம்.”

பெயர் சரளா. தொழில் கைத்தையல். பதில் நான்கு. எழுதினேன். அவர் சொன்னபடி எழுதினேன்.

3. திருத்தம்

வயலிலும் தெருவிலும் நாங்கள் எழுதி வருவதை அலுவலகத்தில் சரிபார்ப்பதற்கு ஸ்க்ருட்டினி என்று பெயர். தாய்க்கு வயது இருபது, பிள்ளைக்கு வயது பதினைந்து என்று இருந்தால் பிடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த முறை அங்கே என்ன நடந்தது தெரியுமா? நான்கு என்று இருந்த இடத்தையெல்லாம் சிவப்பு மையில் அடித்து, பெயரைப் பார்த்து ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். சரளாவின் கட்டத்தில் மூன்று போட்டிருந்தது.

நேரே ஏ.டி. சாரிடம் போனேன். “சார், இது யார் போட்டது? அவங்க சொன்னது நாலு.”

“ரேஷன் கார்டு லிஸ்ட்ட வரவழைச்சுப் பாத்தேன். அதுல சரவணன், ஷெட்யூல்ல சரளா. கூட்டிக் கழிச்சுப் பாத்தா தெரியல? மூணுதான். நானே போட்டேன். வி.ஏ.ஓ. கிட்டயும் சொல்லிட்டேன், போயி கன்ஃபர்ம் பண்ணிடுவாரு.”

கிராம நிர்வாக அலுவலரை அனுப்பியிருக்கிறார்! ஒருவர் சொல்ல விரும்பவில்லை என்று சொன்னதை உறுதி செய்ய ஊர் அதிகாரி போகிறார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது? பஸ் பிடித்து ஓடினேன். நான் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. வி.ஏ.ஓ. தெருக்குழாய் அருகே வண்டியை நிறுத்தி, தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களிடம் உரக்கக் கேட்டிருக்கிறார்: “இந்தத் தெருவுல அரவாணி ஒண்ணு இருக்காமே, எந்த வூடு? கவர்மெண்ட் கணக்கு.”

அவ்வளவுதான். இத்தனை வருடம் வாயை மூடியிருந்த தெரு அன்றைக்கு வாய் திறந்தது. கவர்மெண்டே கேட்கிறதே, இனி என்ன மறைப்பு? பேச்சு ஷேர் ஆட்டோ ஏறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. அவர்கள் பெண் வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள்.

அதைக் கேள்விப்பட்டு மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். மாணிக்கம் வாசலிலேயே நின்றார். அடிக்க வருவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“உள்ள வராதீங்க மேடம். அவ இங்க இல்ல. என்னாலதான் பாப்பாவுக்கு இப்படி ஆச்சுன்னு அழுதுட்டு ஆம்பூர்ல தோஸ்து வூட்டுக்குப் போய்ட்டா. போவாதன்னுதான் சொன்னேன், கேக்கல.” பின்னால் கை நீட்டிக் கதவைச் சாத்தினார். “ஒண்ணு கேக்கறேன். உங்க பேப்பர்ல ஒரு கட்டம் அப்பிடியே இருந்தா உங்களுக்கு இன்னா மேடம் கொறஞ்சு போச்சு?”

சத்தியம் செய்தது நான். அதைக் காற்றில் பறக்கவிட்டது அலுவலகம். அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தப்பே இல்லை, எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

4. கையெழுத்து

திருத்திய இடத்தில் ஃபீல்டுக்குப் போன ஆய்வாளர் கையெழுத்துப் போட்டால்தான் ஷெட்யூல் மேலே போகும். மாட்டேன் என்றேன்.

“எஸ்தர்மா, ஒரு கையெழுத்து. எதுக்கு இவ்ளோ ஜாஸ்தி பண்றீங்க?”

“நான் கேட்டது ஒருத்தர் கிட்ட. பதில் சொன்னது அவங்க. அதுல மாத்தி எழுத நீங்க யாரு சார்? விருப்பம்னு அச்சடிச்சுக் குடுத்துட்டு, விருப்பம் இல்லன்னு சொன்னா வி.ஏ.ஓ.வ அனுப்புவீங்களா? நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இன்னொரு வூட்டுக் கதவைத் தட்டறது?”

கூடமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்! அன்றே என் மறுப்பை எழுதிக் கொடுத்து, அலுவலகத் தபால் பிரிவில் பதிந்த அத்தாட்சியும் வாங்கிக்கொண்டேன். எனக்குப் பரிசு உடனே வந்தது: திமிரிப் பக்கம் மாற்றல், நெல்லும் வேர்க்கடலையும் அறுத்து நிறுத்துப் பார்க்கிற வேலை. சந்தோஷமாகப் போகிறேன் என்றேன். வேர்க்கடலையை யாரும் திருத்தி எழுதச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் மறுப்பு கோப்பில் ஏறிவிட்டதே, அதை முடிக்காமல் சாருக்குத் தூக்கம் வருமா? சரளாவை அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருந்த நாள் அது. சரளா தனியாகத்தான் வந்தார். பச்சைச் சேலை, விரல்களில் ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான் என் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

சார் குரலைக் குழைத்துக்கொண்டார். “பாரும்மா, ஏதோ ஆவக் கூடாதது ஆய்டுச்சு. இப்ப நீயே உன் வாயால சொல்லிடு. ஆணா, பெண்ணா, மத்தவரா? எழுதி முடிச்சுடலாம். ஊருக்கே தெரிஞ்சு போச்சு, இனிமே மறைச்சு இன்னா ஆவப் போவுது?”

“ஊருக்குச் சொன்னது நீங்க சார். நான் இன்னும் சொல்லல.”

சார் பேனா மூடியைத் திருகினார். சரளாவே தொடர்ந்தார். “அன்னிக்கு மேடம் கேட்டாங்க. நாலுன்னேன். இன்னிக்கும் நாலுதான். எழுதுங்க.”

சார் சிவப்பு மையை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினார். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அந்த அலுவலகத்தில் நான் போட்ட கடைசிக் கையெழுத்து அது.

நல வாரிய கார்டு பிறகு சரளா என்ற பெயரிலேயே வந்தது என்று கேள்விப்பட்டேன். மாணிக்கத்தின் மகளுக்கும் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அந்தக் கல்யாணத்துக்குச் சரளா போகவில்லை. மறுபடி யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயமாம்.

இப்போது கணக்கெடுக்கப் போகிற பிள்ளைகள் சிலர் என்னிடம் அலுத்துக்கொள்கிறார்கள். “இந்தக் கேள்விக்கு மட்டும் ஜனங்க வாயே திறக்க மாட்டேங்கறாங்க மேடம், இன்னா பண்றது?” ஒன்றும் பண்ணாதீர்கள். வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்டு அந்த ஆளிடமே கேளுங்கள். சொன்னால் எழுதுங்கள். சொல்லவில்லையென்றால் நான்கு என்று எழுதிவிட்டு எழுந்து வாருங்கள். அலுவலகத்தில் எவனாவது அதன் மேல் பேனாவை வைத்தால் அங்கே சண்டை போடுங்கள், மாற்றல் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஜனங்கள் ஏன் வாயைத் திறப்பதில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள். தெருக்குழாயடியில் நாம் திறந்த வாய்க்கு அவர்கள் இன்னும் பயந்துகொண்டிருக்கிறார்கள்.