திரும்பி நின்ற முட்டை

என் பெரியம்மா மகளுக்கு என்னைவிட ஒரே ஒரு வயதுதான் கூட. அந்த ஒரு வயதை வைத்துக்கொண்டு அவள் ஏகத்துக்கும் பெரியவள் மாதிரி நடந்துகொள்கிறாள் என்று எனக்கு நினைப்பு. இப்போது யோசித்துப் பார்த்தால் அவள் அப்படி நடந்துகொண்டதாக ஒரு சம்பவம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. மற்றவர்கள்தான் அவளை அப்படி நடத்தினார்கள். எங்கள் வீட்டில் அவளுக்குச் சேலத்து அக்கா என்று பெயர். அந்தச் 'சேலத்து' என்ற சொல்லைச் சொல்லும்போது அம்மாவின் குரலில் ஒரு மரியாதை ஏறும் பாருங்கள், அதுவே எனக்கு ஆகாது.

நாங்கள் சேந்தமங்கலத்துக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருந்தோம். நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அக்கா எங்களோடு ஒரு மாதம் தங்க வந்தாள். துணிப்பைக்குள் ஒரு டிவிடியையும் கொண்டுவந்திருந்தாள். தமிழில் பேசும் டைனோசர் படம். ஒரு தீவு, அங்கே காணாமல் போன ஒரு விஞ்ஞானி, அவரைத் தேடிப் போகிற ஆறு பேர், அந்த ஆறு பேரையும் முறை வைத்துத் தின்கிற டைனோசர்கள். அம்மா அதற்கு ஓணான் படம் என்று பேர் வைத்தாள்.

படம் பார்க்கிற பழக்கமே இல்லாத அப்பாகூட அன்று சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். கதாநாயகன் ஆற்றைக் கடக்கும்போது அவன் தொப்பி தண்ணீரோடு போய்விட்டது. அக்கா ரிமோட்டை எடுத்து, "இப்பப் பாருங்க சித்தப்பா" என்றாள். அவன் அக்கரையில் ஏறினான். தலையில் தொப்பி. அதுவும் காய்ந்த தொப்பி.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் அப்பாவைச் சிரிக்க வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நான் எத்தனையோ வித்தை காட்டியும் மீசைக்குள்ளேயே நின்றுபோகிற சிரிப்பு அது. அக்கா விடவில்லை. உடைந்துபோன ஜீப்பின் கண்ணாடி அடுத்த காட்சியில் முழுசாக இருந்தது. இடது கையில் கட்டுப் போட்டிருந்தவன் கொஞ்ச நேரத்தில் வலது கையைப் பிடித்துக்கொண்டு முனகினான். காட்டுக்குள் தனியாக நிற்கும் பெண்ணுக்குப் பின்னால், பாறைமேல் யாரோ ஒருவருடைய தண்ணீர் பாட்டில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அக்கா படத்தை நிறுத்திக் காட்டினாள். "எத்தனை வருசமாப் படம் பாக்கறேன், எனக்கு இதெல்லாம் தெரிஞ்சதே இல்லையே" என்று அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"இந்தப் புள்ளைக்குக் கண்ணு இல்ல, லென்சு" என்றார் அப்பா. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நாளைக்குச் சாயந்தரம் ஷெட்டுக்கு வா சாமி, கீறல் முட்டை பொறுக்கலாம்" என்றும் சொல்லிவிட்டார். சாமி என்பது அப்பா பிள்ளைகளைக் கொஞ்சிக் கூப்பிடுகிற சொல்.

கீறல் முட்டை பொறுக்குவது என் வேலை. ஆட்கள் சேகரித்து வரும் முட்டைகளை அட்டைகளில் அடுக்கும்போது, ஓட்டில் மயிரிழை மாதிரி கீறல் விழுந்தவற்றைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். ஷெட்டின் முகப்பில் டியூப்லைட்டுக்குக் கீழே அப்பா ஒரு ஸ்டூல், நான் ஒரு ஸ்டூல். அப்பா என்னோடு பேசுகிற நேரம் என்று ஒரு நாளில் இருந்தால் அது அந்த ஒரு மணி நேரம்தான். மறுநாள் என் ஸ்டூலில் அக்கா உட்கார்ந்தாள். முட்டையை வெளிச்சத்துக்கு நேராக எப்படி உருட்டிப் பார்ப்பது என்று அப்பா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள். காலி அட்டைகளை எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம் எனக்கு வந்தது. வயிறு எரிந்தது என்று எழுதுவதெல்லாம் குறைவு. அவள் பொறுக்கி வைத்த கீறல் முட்டைகளில் நல்ல முட்டை ஏதாவது தப்பி வந்திருக்கிறதா என்று தினமும் நான் திருட்டுத்தனமாகச் சோதித்தேன். ஒன்றுகூட இல்லை.

ஆகவே நானும் ஒரு தவறு கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன். அவள் கண்டது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு தவறு.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவும் அக்காவும் தூங்குவார்கள். நான் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு டிவிக்கு ஒட்டி உட்காருவேன். மூன்று நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. தொப்பி, கண்ணாடி, கட்டு எல்லாவற்றையும் மகராசி முன்பே அள்ளிக்கொண்டு போயிருந்தாள். நான்காம் நாள்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவள் கண்டுபிடித்த தவறுகளில் ஒன்றில்கூட டைனோசர் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டில் மறுபடி படம் ஓடியபோது, படத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். டைனோசர் வரும்போதெல்லாம் அவள் தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டாள். சேலத்து அக்காவுக்குப் பயம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு டைனோசர் வரும் இடங்களை மட்டும் பார்த்தேன். கிடைத்தது. குடம் பெரிசுக்கு ஒரு முட்டை மணலில் நிற்கும். அகலமான பக்கம் மேலே, கூர்முனை கீழே. மேல்பக்கம் லேசாக விரிசல் விடும். கதாநாயகன் பயந்துபோன முகத்தை ஒரு தடவை காட்டுவார்கள். திரும்ப முட்டையைக் காட்டும்போது அது தலைகீழாக நிற்கும். கூர்முனை மேலே வந்திருக்கும், குட்டி அந்தப் பக்கத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

இது யாருக்கும் தெரியாது. முட்டைக்குள் பிறந்து வளர்ந்த எனக்குத்தான் தெரியும். அட்டையில் எப்போதும் கூர்முனையைக் கீழே வைத்துத்தான் அடுக்குவோம். வீட்டில் அடைவைத்த நாட்டுக்கோழியின் குஞ்சுகளும் அகலமான பக்கத்தைக் கொத்தித்தான் வெளியே வரும், நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். டைனோசரே ஆனாலும் ஒரு முறை உண்டல்லவா? அந்த இடத்தை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. தூசி படிந்து படம் கெட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொரு தடவையும் டிவிடியை வெளியே எடுத்து என் பட்டுப்பாவாடையில் அழுத்தித் துடைத்தேன்.

உடனே சொல்லவில்லை. அக்காவை அழைத்துப்போகப் பெரியம்மாவும் பெரியப்பாவும் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அதைப் பொத்தி வைத்தேன். அத்தனை பேருக்கு முன்னால், முக்கியமாக அவளைப் பெற்றவர்களுக்கு முன்னால், அப்பா என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் கறிச்சோறு முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். நான் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். பெரியப்பா, "ஏம் பாப்பா, ஓணான் முட்டை எப்படி நின்னா என்ன, அது என்ன உங்க பண்ணை முட்டையா?" என்று கேலி செய்தார். அப்பா சிரிக்கவில்லை. முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "போடு சாமி, பாக்கலாம்" என்றார். அந்தச் சாமி எனக்குச் சொன்னது. அக்காவுக்கு இல்லை.

படம் ஓடியது. மணல் வந்தது, முட்டை வந்தது. அப்புறம் திரை சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிதறி, நின்று, ஒரு தாவு தாவியது. குட்டி பிறந்து ஓடிக்கொண்டிருந்தது. திரும்பப் போட்டேன். அதே இடத்தில் அதே சிதறல். பட்டுப்பாவாடையின் ஜரிகை செய்த வேலை அது என்று எனக்கு அப்போது தெரியாது.

"ஆதாரத்த டைனோசர் தின்னுபோட்டுது" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். "சரி உடு சாமி, அப்பறமாப் பாத்துக்கலாம்" என்று அப்பா எழுந்திருக்கப் போனார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அக்கா பேசினாள்.

"சித்தப்பா, பாப்பா சொல்றது நெஜந்தாங்க. நானும் பாத்தேன். முட்டை திரும்பித்தான் நிக்குது."

அப்பா உடனே திரும்பினார். "அப்படியா? நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

நீ சொன்னால் சரி! நான் பத்து நாள் கண் பூத்துப்போகப் பார்த்துச் சொன்னது சரியில்லை. தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தவள் ஒரு வாக்கியம் சொன்னதும் சரியாகிவிட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டாள், ஸ்டூலை எடுத்துக்கொண்டாள், இப்போது என் முட்டையிலும் பங்குக்கு வந்துவிட்டாள் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"பொய்யிங்க! அவ பாக்கவே இல்லீங்க! டைனோசர் வந்தா அவ கண்ண மூடிக்குவா, நான் பாத்தனுங்க! பயந்தாங்கொள்ளி!"

பெரியப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "இருந்த ஒரு சாட்சியயும் நீயே கவுத்துட்டயே!" பெரியம்மாவுக்கு அது சிரிப்பாகப் படவில்லை. "பாக்காதத பாத்தேன்னு பொய் சொல்றயாடி?" என்று அக்காவின் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். அக்கா அழவில்லை. தலையைத் தடவிக்கொண்டு என்னை ஒரு தடவை பார்த்தாள். அதில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லாததால் அவள் நடிக்கிறாள் என்று முடிவு செய்தேன்.

நான்கு மணி பஸ்ஸில் அவர்கள் கிளம்பினார்கள். நான் வழியனுப்பப் போகவில்லை. ஷெட்டுக்கு ஓடிப்போய் என் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அப்பா வந்தார். முட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். இரண்டு அட்டை முடிகிற வரை நான் பொறுத்தேன்.

"அப்பா, நெசமாவே அந்த முட்டை திரும்பித்தானுங்க நின்னுச்சு."

"நின்னிருக்கும் சாமி. நீ முட்டைல தப்பு சொல்ல மாட்ட."

இதற்காகத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன். ஆனால் அவர் சிரிக்காமல் சொன்னார். கையிலிருந்த முட்டையை வெளிச்சத்தில் உருட்டிக்கொண்டே கேட்டார். "அந்தப் புள்ள நெசமாவே பாக்கலியா?"

"பாக்கலீங்க. சத்தியமா."

"பாக்காமயே பாத்தேன்னு சொன்னாளே, எதுக்குச் சொல்லியிருப்பா?"

எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

"எம் மேல பொறாமைங்கப்பா."

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்த முட்டையை அட்டையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை என்பதால், நான் சொன்னது சரியான பதில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.