பாஸ் வாசித்த புத்தகம்

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் இந்திரகுமாரை எல்லோரும் பாஸ் என்றுதான் அழைப்பார்கள். கைத்தொழில் தெரிந்தவனுக்குச் சிங்களவர் தரும் பட்டம் அது. இவனுக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான்: ஸ்குரூ டிரைவரைச் சட்டைப் பையில் குத்திக்கொள்வது.

கடைவீதியில் சிங்களம் பொழிவான். அதனாலேயே கோயில் கமிட்டி வாங்கிய சின்ன ஜெனரேட்டரும் அதன் சிங்களப் புத்தகமும் அவன் வசம் போயின. கமிட்டிக் கூட்டத்தில் அதை விரித்து அரை மணி நேரம் வாசித்துக் காட்டினான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மண்சரிவில் கரண்ட் போன மூன்றாம் நாள். தோட்டத்தில் கோழி வளர்க்கும் புஷ்பத்தின் குஞ்சு பொரிக்கும் பெட்டியில் அறுபது முட்டைகள். பத்தொன்பது நாள் ஆகியிருந்தது; பொரிக்க இன்னும் இரண்டே நாள். பெட்டியை ஓட்டிய பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. சூடு நின்றால் உள்ளிருக்கும் குஞ்சுகள் செத்துவிடும். பாஸ் ஜெனரேட்டரோடு வந்தான்.

"பேட்டரிய மட்டும் சார்ஜ் பண்ணித் தாங்கண்ணே."

"பேட்டரி எதுக்கு நடுவுல? இந்தா, டீசி ஓட்டை. பன்னெண்டு வோல்ட். ஒம் பெட்டியும் பன்னெண்டு. ரெண்டும் ஒண்ணுதானே?"

"புஸ்தகத்துல அப்படியா போட்டிருக்கு?"

"நான் வாசிக்காததா?"

பெட்டியின் வயரை நேரே ஜெனரேட்டரில் செருகினான். பெட்டிக்குள் சூடு தரும் பல்புகள் ஒரு கணம் வெள்ளையாக எரிந்து அணைந்தன. சூட்டைக் கட்டுப்படுத்தும் சின்னப் போர்டு புகைந்தது.

"சைனா சாமான்," என்றான். புத்தகத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாரு, நான் சொன்னதுதான் இருக்கு."

புஷ்பம் சாதாரணதரப் பரீட்சை வரை படித்தது சிங்களப் பள்ளியில். அது அவனுக்குத் தெரியாது. பெண்களிடம் அவன் எதையும் கேட்பதில்லை.

"பெட்டரி ஆரோபணய சந்தஹா பமணய்," என்று வாசித்தாள். "பேட்டரி சார்ஜ் பண்ண மட்டுந்தானாம். வேற சாமான நேரா மாட்டக் கூடாது, வோல்ட் ஏறிருமாம். எண்ணெய மிச்சம் புடிக்கிற எகோ சுவிச்ச ஆஃப் பண்ணணுமாம். நீங்க எந்தப் பக்கத்த வாசிச்சீங்கண்ணே?"

பாஸ் புத்தகத்தைப் பிடுங்கி மூடினான்.

"அது பழைய சிங்களம்."

அவள் எகோ சுவிட்சை நிறுத்தினாள். பேட்டரியை டீசியில் மாட்டினாள். அது ஏறும்வரை முட்டைகளைக் கம்பளியால் போர்த்தினாள். பிறகு பெட்டிக்குள் பேட்டரியில் எரியும் த்ரீவீல் ஆட்டோ பல்புகள் இரண்டைப் பொருத்தி, சூடுமானியைப் பார்த்துப் பார்த்து, மூடியைத் திறந்தும் மூடியும் இரண்டு நாள் பெட்டியருகே உட்கார்ந்திருந்தாள். பாஸ் அந்தப் பக்கம் வரவில்லை.

நாற்பத்தொரு குஞ்சுகள் பொரித்தன.

ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக் கடையில் பாஸ் குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தான்: "நாற்பத்தொண்ணும் நம்ம டீசியில பொரிச்சதுங்க."

கேட்டவர்கள் அவனுக்கு வடை வாங்கிக் கொடுத்தார்கள்.