மஞ்சளாய்த் தெரிந்த பனி

இதயம் பலவீனமாகிக் கால்கள் வீங்கத் தொடங்கியபோது என் கணவருக்கு வைத்தியர் ஒரு சின்ன மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதன் பிறகு, நாங்கள் குடியேறிய குளிர்நாட்டு நகரின் புருசெத் பகுதியில், எங்கள் மாடிப்படிகளை அவர் மூச்சிளைக்காமல் ஏறினார். அந்த நிம்மதியில், மாத்திரை எதனால் ஆனது என்று நாங்கள் கேட்கவேயில்லை.

பெப்ரவரியில் அவருக்கு வயிற்றோட்டம் வந்து, சில நாள் தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. ஒரு காலை யன்னலருகே நின்றவர், "இஞ்சை வாரும். பனி ஏன் மஞ்சளாக் கிடக்கு?" என்றார்.

பனி வெள்ளையாகத்தான் இருந்தது. நான் கொண்டுவந்து வைத்த கஞ்சியும் அவருக்கு மஞ்சளாகத் தெரிந்தது.

"நான் மஞ்சள் ஒண்டும் போடேல்லையே" என்று சொல்லி முடிக்குமுன் வாந்தியெடுத்தார். அம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

உடம்பில் நீர் வற்றியதால் மருந்து வெளியேறாமல் தேங்கி நஞ்சாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இதயத்துடிப்பைக் காட்டும் திரையில் கோடு தாறுமாறாக ஓடியது. அதைப் பார்க்கப் பயந்து, சுவரைப் பார்த்தபடி செபமாலை உருட்டினேன்.

ஆபத்து நீங்கிய பிறகு, அவரைப் பார்த்துக்கொண்ட பெண் வைத்தியர் கட்டிலருகே வந்து இருந்தார். கோடையில் இங்கே காட்டோரங்களில் ஊதா நிறத்தில் மணி மணியாய்ப் பூக்கும் செடியின் இலைதான் இந்த மருந்தின் தொடக்கம் என்றார். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஓர் ஆங்கில வைத்தியர் அதை உடல் வீங்கியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அளவு கூடியபோது அவர்களும் வாந்தியெடுத்தார்கள், அவர்களுக்கும் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. அப்படித்தான் அளவைக் குறைக்கக் கற்றுக்கொண்டாராம்.

அந்த ஆட்களுக்கு என்ன நடந்தது என்று என் கணவர் கேட்டார்.

சிலர் பிழைத்தார்கள், சிலர் இறந்தார்கள், இரண்டையும் அந்த ஆங்கிலேயர் மறைக்காமல் எழுதிவைத்தார் என்றார் வைத்தியர். என் கணவர் கண்களை மூடிக்கொண்டார். அளவைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நவம்பரில், இறந்தோரை நினைக்கும் நாளில் சேமக்காலைக்குப் போனோம். கல்லறை தூரதேசத்தில் உள்ளவர்களுக்காக விளக்கேற்ற அங்கே பொதுவான ஓர் இடம் இருக்கிறது. மன்னாரில் கிடக்கும் தகப்பனுக்கு வழக்கம்போல ஏற்றியவர், சட்டைப்பையிலிருந்து இன்னொரு மெழுகுதிரியை எடுத்தார்.

"அது ஆருக்கு?"

"அந்த இங்கிலீசு வைத்தியரிட்டைப் போன சனத்துக்கு."

"அவை ஆரெண்டே தெரியாதே."

"எனக்கு முந்தி இந்த மருந்தைக் குடிச்சுப் பாத்தவை. அவையைப் பற்றி அவ்வளவு தெரிஞ்சாக் காணும்."

காற்று சுடரை அணைத்துக்கொண்டே இருந்தது. நான் குனிந்து கையால் மறைத்துப் பிடிக்க, அவர் ஏற்றினார்.

அதன் பிறகும் சில காலம் என்னோடு இருந்தார். கொஞ்சம் தள்ளியிருக்கும் ட்வெய்ட்டாக் கடைகளுக்கு மீன் வாங்க நடந்தே போய்வந்தார். பிறகு ஒரு வசந்தகாலத்தில், பின்னேரத் தேநீருக்கு எழுப்பப் போனேன், அவர் எழும்பவில்லை. முகத்தில் வருத்தம் எதுவும் இருக்கவில்லை. தேநீரை மூடிவைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அவர் பக்கத்திலேயே இருந்தேன். பிறகுதான் மகளுக்கு அறிவித்தேன்.