உமிச் சாக்கில் வந்த ஐஸ்

ஐந்தாம் வகுப்பில் நான் சொன்ன பொய்கள் ஏராளம். முக்கால்வாசி வீட்டுப்பாட நோட்டைப் பற்றியவை, சொன்ன உடனே பிடிபட்டவை. ஒன்று மட்டும் இன்று வரை பிடிபடவில்லை.

பெரியப்பாவின் மகன் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். ஒரு விடுமுறைக்கு வந்தவர், சென்னையில் வண்ண மீன் கடையில் ஒரு பிராணியை வாங்கி வந்தார். ஆக்சலாட்டில் என்று பெயர். வெளிர் ரோஜா நிறம், நாலு கால், கழுத்தின் இரு பக்கமும் இறகு மாதிரி செவுள், எந்நேரமும் சிரிக்கிற வாய். அந்தப் பெயர் ஊரில் யார் வாயிலும் நுழையாததால் தண்ணிப் பல்லி ஆகிவிட்டது.

“தண்ணி ஜில்லுனு இருக்கணும்டா. சூடாச்சுன்னா செத்துடும். அடுத்த லீவு வரைக்கும் பாத்துக்க” என்று கண்ணாடித் தொட்டியோடு என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். வலங்கைமான் பக்கத்தில், பங்குனி முடிகிற நேரத்தில், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கரண்ட் இல்லாத ஊரில்.

பெரியப்பாவும் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை. நடவை நடுவில் விட்டுவிட்டு விமானம் ஏறிய மகன் என்ற கோபம். தொட்டியை எட்டிப் பார்த்த பெரியப்பா, “ஊர விட்டுப் போனவன், ஊர விட்டு வந்த ஒண்ணப் புடிச்சாந்துருக்கான். வீட்டுக்குள்ள விடாத” என்றார். அதனால் அது வயலில் மோட்டார் கொட்டகைக்குக் குடிபோனது.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து நான் கொண்டுபோகும் ஐஸ், வரப்பைத் தாண்டுவதற்குள் தண்ணீராகிவிடும். வேறு வழி தெரியாமல் தொட்டிக்கு விசிறி வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா இரண்டு நாள் இந்தக் கூத்தைப் பார்த்தார். மூன்றாம் நாள் சைக்கிளில் ஒரு சாக்கோடு வந்தார். உள்ளே உமி, உமிக்குள் வலங்கைமான் ஐஸ் கம்பெனிப் பாளம். ஒரு பழைய அண்டாவில் தொட்டியை வைத்துச் சுற்றிலும் ஐஸை உடைத்துப் போட்டார். பல்லி சிரித்தது. அது எப்போதும் சிரிப்பதுதான்.

“ஆத்துல தண்ணி வர்ற வரைக்கும் எனக்கு என்ன வேல இருக்கு. அவன்கிட்ட சொன்னே, தோல உரிச்சிடுவேன்.”

அதற்குப் பிறகு தினமும் காலையில் சைக்கிள். மண்புழு வெட்டுவது மட்டும் என் இலாகா.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் பெரியப்பா வீட்டுக்குப் போன் செய்வார். பெரியம்மா பேசி முடித்ததும் என் முறை. அப்போதெல்லாம் பெரியப்பா பக்கத்தில் வந்து துண்டைத் தேடுவார். துண்டு தோளில்தான் கிடக்கும். நான் எடுத்துச் சொன்னால் முறைப்பார்.

சித்திரையில் ஒரு நாள் மோட்டார் கொட்டகை வாசலில் பெரியப்பா சுவரில் சாய்ந்தபடி இறந்துகிடந்தார். சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. கேரியரில் சாக்கு ஈரமாக இருந்தது. ஐஸ் உருகி ஓடி, உள்ளே உமி மட்டும் மிச்சம்.

“இந்த வெயில்ல உமிக்காவா போனாரு மனுசன்? மாட்டுக்கா தம்பி?” என்று யாரோ என்னைக் கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அண்ணன் வந்து சேர மறுநாள் மதியம் ஆகும் என்றார்கள். பெரியப்பாவைக் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டியில் வைத்து, வாசலில் ஜெனரேட்டர் ஓட்டினார்கள். எனக்கோ ஒரே கவலை. அண்ணன் வரும்போது பல்லி உயிரோடு இருக்க வேண்டும். ஐஸ் கொண்டுவர ஆள் இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பாகி, அது மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஊரிலேயே குளிர்ச்சியான இடம் ஒன்றுதான் இருந்தது. அதில் பெரியப்பா படுத்திருந்தார்.

பல்லியைத் தண்ணீரோடு ஓர் ஊறுகாய் பாட்டிலுக்கு மாற்றிக் கொண்டுவந்தேன். மாலை போட வந்தவர்களுக்காக மூடியைத் திறந்தபோது, பாட்டிலைப் பெரியப்பாவின் கால்மாட்டில் மாலைகளுக்கு அடியில் செருகினேன். அப்படியொரு சாமர்த்தியம் கணக்குப் பரீட்சையில் வந்ததேயில்லை.

அண்ணன் வந்தார். அப்பாவின் காலைத் தொட மாலையை விலக்கினார். பாட்டிலுக்குள்ளிருந்து அது அவரைப் பார்த்துச் சிரித்தது. அழுகை சட்டென்று நின்றது. என் அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார்.

“விடுங்க சித்தப்பா” என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பி, “இத்தன நாளா யாருடா பாத்துக்கிட்டா?” என்றார்.

“நாந்தாண்ணே.”

“அப்பா?”

பெரியப்பா சொல்லக் கூடாது என்று சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. நல்ல பேர் மொத்தமும் எனக்கே வரட்டும். அதோடு நிற்காமல், கூட்டம் இருக்கிறதே என்று அவர் குரலிலேயே பேசியும் காட்டினேன்: “‘வீட்டுக்குள்ள விடாத’ன்னாங்க.”

இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் தலையை மெல்ல ஆட்டி, என் முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுக் கொள்ளிச் சட்டி எடுக்கப் போனார்.

பல்லி அடுத்த வாரமே செத்துப்போனது. அண்ணன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கிளம்பினார். நிலம் குத்தகைக்குப் போனது. பெரியம்மாவின் காரியத்துக்கு வந்ததைத் தவிர அவர் பிறகு வரவேயில்லை.

‘அப்பா?’ என்று கேட்டபோது அண்ணன் குனிந்து, என் மூக்கை இடிக்கிற அளவுக்கு முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தார். ஒரு பல்லியைப் பற்றி விசாரிக்க அவ்வளவு பக்கத்தில் வர வேண்டியதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.