கெளுத்தியில் கொஞ்சம் மஞ்சள் கூடுதல்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் நிறம் பார்ப்பது என் வேலை. மிஷினிலிருந்து வரும் முதல் தாள்களைப் பார்த்து, சிவப்பைக் கூட்டு, நீலத்தைக் குறை என்று சொல்லி, திருப்தியானதும் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆர்டர் முழுக்க ஓடும். மாதிரித் தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதெல்லாம் மற்றவர்களுக்கு. எனக்கு அது கௌரவக் குறைச்சல்.

இந்தத் திமிரோடுதான் போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு விருதுநகருக்கு மீன் வாங்கப் போனேன். தொட்டியின் அடியில் மீசையால் மணலைக் கிளறித் திரியும் குட்டிக் கெளுத்திகள் மேல் அவளுக்குத் திடீர் ஆசை. எனக்குத் தெரிந்த கெளுத்தி குழம்பில் கிடப்பது. அதைச் சொல்லாமல் வண்டியை எடுத்தேன்.

கடைக்கார அம்மா பொறுமையாக விளக்கினார். இனம் ஒன்றுதானாம், நிறம்தான் வேறு. உடம்பு பழுப்பாக இருந்து பக்கவாட்டில் பச்சை மினுங்கினால் வெண்கலக் கெளுத்தி. உடம்பு வெளுத்து, கண்ணும் சிவப்பாக இருந்தால் அல்பினோ. கறுப்பு மணலில் விட்டால் வெண்கலக் கெளுத்தி இன்னும் கறுக்கும், வெள்ளை மணலில் வெளிறும். "மேனியப் பாத்து ஏமாந்துராதீக, கண்ணப் பாருங்க" என்றார். மனைவி ஆறு அல்பினோ வாங்கினாள்.

வீட்டுத் தொட்டியில் விட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லா ஏமாத்திட்டாக. கண்ணு செவப்புதான், ஒத்துக்கிடுதேன். ஆனா உடம்பு வெள்ளையா இது? மஞ்ச பத்து பர்சன்ட் கூடுதல்."

"பாலு மாதிரி இருக்கு. நீங்க மீனப் பாக்கீகளா, காலண்டரப் பாக்கீகளா?"

என்னிடமே நிறத்தில் வாதமா? சட்டைப் பையிலிருந்து அச்சுப் புள்ளி பார்க்கும் லென்ஸை எடுத்து, வழக்கம்போல வலது கண்ணில் வைத்துக் தொட்டிக் கண்ணாடியோடு ஒட்டிக் குனிந்தேன். மஞ்சள்தான். சந்தேகமே இல்லை. உற்றுப் பார்த்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட, லென்ஸை இடது கண்ணுக்கு மாற்றினேன். மீன் வெள்ளை வெளேரென்று இருந்தது, வயிற்றுப் பக்கம் லேசான ரோஸ். மறுபடி வலது: மஞ்சள். இடது: வெள்ளை.

"என்னங்க, மீனுக்குக் கண்ணடிக்கீக?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அந்த சீசன் முழுக்க நான் மிஷினில் சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. மாம்பழமா, மஞ்சளைக் குறை. சூரியகாந்தியா, குறை. அம்மன் நகையா, இன்னும் குறை. எத்தனை வீட்டுச் சுவரில் என் தப்பு தொங்கப்போகிறதோ!

"கண்ணு போச்சுடி" என்றேன்.

"போகல, புரை விழுந்திருக்கும். டாக்டரப் பாப்போம். மொதல்ல கம்பெனியில சொல்லிருங்க."

சொல்லிவிடலாம். ஆனால் நிறம் தெரியாதவனுக்கு அங்கே என்ன வேலை? உண்மையிலேயே பயந்தேன்.

மறுநாள் காலையில் மிஷினில் லட்சுமி படம். தங்கக் காசாகக் கொட்டிக்கொண்டிருந்தாள். மிஷின்மேன் முதல் தாளையும் பேனாவையும் நீட்டினான். வாங்காமல் நின்றேன். முதலாளியிடம் போகுமுன் இவனிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போம் என்று, "வலது கண்ணுல எல்லாம் மஞ்சளாத் தெரியுதுப்பா" என்றேன்.

அவன் அதிரவே இல்லை. "தெரியும் அண்ணாச்சி. நீங்க மஞ்சளக் குறைக்கச் சொல்லுவீக, குறைச்சுக் காட்டுவேன். கையெழுத்துப் போட்டுட்டு நீங்க அங்கிட்டுப் போனதும் பழையபடி கூட்டிருவேன். ஆடி பதினெட்டுல சீசன் ஆரம்பிச்சதுலேர்ந்தே அப்படித்தான் ஓடுது."

எனக்கு வந்த கோபத்தில் அவனை ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். "யாரக் கேட்டுச் செஞ்ச?"

"மொதலாளிதான் மாதிரித் தாளோட ஒத்துப் பாத்துட்டுச் சொன்னாரு. உங்க கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டாரு."

கோபம் போன இடம் தெரியவில்லை. நீட்டிய தாளை அவன் பக்கமே தள்ளி, நீயே கையெழுத்துப் போடு என்று சொல்லிவிட்டு, முதலாளி அறைக்குப் போய்க் கண் ஆபரேஷனுக்கு லீவு கேட்டேன்.

"இப்பவாச்சும் கேட்டீகளே" என்றார்.